'விட்சஸ் அப்ராட்' படிக்கப் போகிறீர்களா? எதை முன்னால் படிப்பது, எதை வாங்குவது, எங்கே திணறுவீர்கள்

மாயாஜாலக் கதைகளை நகைச்சுவையாக எழுதிய ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் பற்றிப் பேச்சு வந்தால் அவரைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "எங்க வேணா ஆரம்பிக்கலாம், சும்மா எடுத்துப் படிங்க." அந்தப் பேச்சை நம்பி எடுத்து, ஐம்பது பக்கத்தில் மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். எங்கே சிரிக்க வேண்டும் என்றே தெரியவில்லை என்பதுதான் அவர்கள் எல்லோருடைய புகாரும். நானும் முட்டி மோதித்தான் உள்ளே போனேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் சிரிப்பு வருவதில்லை? பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரி பாடச் சொன்னதும் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு 'கா கா' என்று பாடியது என்று சொன்னால் நம் வீட்டுக் குழந்தை சிரிக்கும். பழைய கதை தெரியாத வெளியூர்க்காரரோ "சரி, அப்புறம்?" என்பார். அவருடைய 'விட்சஸ் அப்ராட்' நாவல் முழுக்க இந்த மாதிரிதான். ஐரோப்பியத் தேவதைக் கதைகளையெல்லாம் தலைகீழாக்கிக்கொண்டே போகிறது. நேரான கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதை இவ்வளவுதான். லான்கர் என்ற மலைநாட்டில் மூன்று சூனியக்காரிகள். தொலைவில் ஜெனுவா என்ற நகரத்தில் 'எல்லா' என்ற பெயரில் ஒரு பெண். அவளை ஓர் இளவரசனுக்குக் கட்டி வைக்க ஒரு தேவதைத்தாய் (சிண்ட்ரெல்லா கதையில் மந்திரத்தால் உதவ வருவாளே, அந்த மாதிரி) முனைப்பாக இருக்கிறாள். அந்தக் கல்யாணத்தை நம் மூவரும் போய்த் தடுக்க வேண்டும். ஆமாம், தடுக்கத்தான் வேண்டும். ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

1. வரிசையில் எங்கே நுழைவது

இந்த நாவல் பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையைச் சேர்ந்தது. அதில் மொத்தம் 41 நாவல்கள். முதலாவது 1983-இல் வந்தது, கடைசி 2015-இல். 'விட்சஸ் அப்ராட்' 12-ஆவது, 1991-இல் வெளியானது. 12 என்ற எண்ணைப் பார்த்ததும் முந்தைய பதினொன்றையும் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இது ஒரே நீண்ட கதை கிடையாது. ஒரே உலகத்தில் வெவ்வேறு ஆட்களுக்குத் தனித்தனிக் கிளைகள் ஓடுகின்றன. காவலர் கதைகள் ஒரு கிளை, மரணதேவன் கதைகள் ஒரு கிளை, சூனியக்காரிகள் ஒரு கிளை.

சூனியக்காரிகள் கிளையின் வரிசை இது: 'ஈக்வல் ரைட்ஸ்' (1987), 'விர்ட் சிஸ்டர்ஸ்' (1988), 'விட்சஸ் அப்ராட்' (1991), 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' (1992), 'மாஸ்கரேட்' (1995), 'கார்ப்பே ஜுகுலம்' (1998).

இதில் முதல் புத்தகத்தைத் தைரியமாகத் தாண்டலாம். அதில் நம் மூவரில் கிரானி வெதர்வாக்ஸ் மட்டும்தான் இருக்கிறாள், அவளும் இன்னும் முழுதாக உருவாகவில்லை. 'விர்ட் சிஸ்டர்ஸ்' வேறு விஷயம். மூவரும் சேர்வது அதில்தான். நேரம் இருந்தால் அதைப் படித்துவிட்டு வாருங்கள். அதற்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' கதைச் சுருக்கம் தெரிந்தால் போதும். நேரம் இல்லையென்றால் நேராக 'விட்சஸ் அப்ராட்' எடுக்கலாம். முன்கதையிலிருந்து உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டே விஷயம்: இந்த மூவரும் ஏற்கெனவே பழகியவர்கள், இளையவள் மேக்ரட்டுக்கும் லான்கரின் புது அரசன் வெரன்ஸுக்கும் இடையில் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஏதோ இருக்கிறது.

தவிர்க்க வேண்டியது, மொத்த வரிசையின் முதல் நாவலிலிருந்து தொடங்குவது. ஒன்றாம் எண்ணிலிருந்து ஒழுங்காகப் போக வேண்டும் என்ற நம் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். அது அந்தக் கால வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டலடிக்கும் புத்தகம், அந்த வகையையே படிக்காதவருக்கு அதில் பிடிமானம் குறைவு.

உலகத்தைப் பற்றித் தெரிய வேண்டியதும் கொஞ்சம்தான். தட்டையான உலகம். அதை நான்கு யானைகள் சுமக்கின்றன, யானைகளை ஒரு ராட்சத ஆமை சுமந்துகொண்டு விண்வெளியில் நீந்துகிறது. அஷ்டதிக்கஜங்களையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2. முன்தயாரிப்பு: ஐந்து கதைகள், ஒரு மாலைப்பொழுது, செலவு பூஜ்யம்

விண்ணப்பத்தோடு இணைக்கும் சான்றிதழ்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் உள்ளே போகலாம், ஆனால் பாதி வழியில் திரும்பி வர வேண்டியிருக்கும். எல்லாமே காப்புரிமை முடிந்த பழைய கதைகள், புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசம்.

முதலில் சிண்ட்ரெல்லா. இதுதான் நாவலின் முதுகெலும்பு. பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட வடிவத்தையே படியுங்கள். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அதில்தான் இருக்கின்றன. கிரிம் சகோதரர்களின் வடிவத்தில் பூசணிக்காயே கிடையாது. நாவலில் எதற்கெடுத்தாலும் பூசணிக்காய்தான் என்பதால் இது முக்கியம்.

அடுத்து சிவப்புக் குல்லாச் சிறுமி. இதற்கு மட்டும் கிரிம் வடிவம். பெரோ வடிவத்தில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுவதோடு கதை முடிந்துவிடும், காப்பாற்ற ஆள் வருவது கிரிம் சொன்ன கதையில்தான்.

மூன்றாவது, தூங்கும் அழகி. நான்காவது, தவளை இளவரசன். கிரிம் தொகுப்பில் முதல் கதையே அதுதான், நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும்.

ஐந்தாவது தேவதைக் கதை அல்ல. 1900-இல் வந்த அமெரிக்க நாவல், 'த வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஆஸ்'. முழுதும் வேண்டாம், முதல் இரண்டு அத்தியாயம் போதும். சூறாவளியில் பறந்துவந்த வீடு ஒரு சூனியக்காரியின் தலையில் விழ, அவளுடைய மந்திரக் காலணி அடுத்தவளுக்குப் போகிறது என்ற செய்தி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலணி நாவலில் வெள்ளி. 1939-இல் வந்த திரைப்படத்தில்தான் சிவப்பு. பிராட்செட் கையிலெடுப்பது சிவப்பை.

சினிமா பார்த்தது போதாதா என்று கேட்பீர்கள். சினிமாவில் கதையின் எலும்புக்கூடு கண்ணில் படாது, பாட்டும் நிறமும் மூடிவிடும். அந்த எலும்பைத்தான் பிராட்செட் உருவுகிறார். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகாது.

3. வாங்குவது: பதிப்பும் விலையும்

காகிதப் பதிப்பில் பொதுவாகக் கிடைப்பது கார்கி வெளியீடு. ஏறக்குறைய 280, 290 பக்கம். புதுப் பிரதி நான் பார்த்தவரை ஐந்நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். இறக்குமதிப் பிரதி என்பதால் விலை வாரத்துக்கு வாரம் ஏறும், இறங்கும். வாங்கும் பட்டியலில் போட்டுவைத்துவிட்டுச் சில நாள் பொறுத்தால் நல்லது. மின்னூல் பெரும்பாலும் இதைவிட மலிவு.

பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜோஷ் கிர்பி வரைந்த அட்டையோடு பழைய பிரதிகள் அங்கேதான் மாட்டும். அட்டை முழுக்க ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துச் சிறுவர் புத்தகம் என்று நினைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். மூவரில் ஒருத்தியான நேனி ஆக் பேசுவதில் பாதி இரட்டை அர்த்தம்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

நடைபாதையில் விற்கும் நகல் பிரதி வேண்டவே வேண்டாம். தார்மீகத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான். பிராட்செட்டின் நகைச்சுவையில் பெரும்பங்கு அடிக்குறிப்பில் இருக்கிறது. நகல் அச்சில் முதலில் மங்கிப்போவது அந்தப் பொடி எழுத்துதான். அடிக்குறிப்பைக் காட்டும் உடுக்குறி (*) எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

'விர்ட் சிஸ்டர்ஸ்' வாங்குகிறவர்கள் தலைப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதே பெயரில் ஸ்டீபன் பிரிக்ஸ் மேடைக்காகச் சுருக்கிய நாடகப் பிரதியும் விற்பனையில் உண்டு. பக்க எண்ணிக்கை நூற்றுச் சொச்சம் என்று காட்டினால் அது நாவல் இல்லை.

'த விட்சஸ் டிரிலஜி' என்று ஒரு தொகுப்பு உண்டு. கிளையின் முதல் மூன்று நாவல்களும் ஒரே கட்டில் இருக்கும். பழைய புத்தகமாகக் கண்ணில் பட்டால் விடாதீர்கள். என்ன, படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம்.

மின்னூல் வாங்கினால் முதலில் மாதிரிப் பகுதியை இறக்கி, ஓர் அடிக்குறிப்பைத் தொட்டுப் பாருங்கள். அதே பக்கத்தில் சின்னப் பெட்டியாகத் திறந்தால் வாங்கலாம். புத்தகத்தின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவதற்குள் வாக்கியத்தின் சூடு ஆறிவிடும்.

ஒலிப்புத்தகத்தில்தான் மோசமான பொறி. டோனி ராபின்சன் குரலில் இருப்பது சுருக்கப்பட்ட வடிவம். நன்றாகவே படிப்பார், ஆனால் கதையில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். முழு வடிவம் இரண்டு உண்டு: பழையது நைஜல் பிளேனர் வாசித்தது, புதியது இந்திரா வர்மா வாசித்தது. புதியதில் அடிக்குறிப்புகளை பில் நையும் மரணதேவனின் வசனங்களை பீட்டர் செராஃபினோவிச்சும் பேசுகிறார்கள். அடிக்குறிப்புக்குத் தனிக் குரல் என்பதால் எது கதை, எது பக்கக் கிண்டல் என்று குழம்பாது. காதால் கேட்கிறவர்களுக்கு என் சிபாரிசு அதுதான். ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும். ஒலிப்புத்தகத் தளமான ஆடிபிளின் சந்தா நான் சேர்ந்தபோது மாதம் 199 ரூபாய். பணம் கட்டும் முன் உங்கள் கணக்கில் அந்தப் பிரதி காட்டுகிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். எல்லா ஒலிப்புத்தகமும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. இலவச மாதம் எடுத்தவர்கள் அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

4. முதல் முப்பது பக்கம்: ஒரே உட்காரலில்

இந்த நாவலில் அத்தியாயங்களே கிடையாது. 'ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுத் தூங்கலாம்' என்ற கணக்கெல்லாம் செல்லாது. காட்சிகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி இருக்கும், அதுதான் நிறுத்தம். நாளுக்கு இருபது பக்கம் வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடியும். ஆனால் முதல் முப்பது பக்கத்தை மட்டும் பிரிக்காதீர்கள். விடுமுறை நாள் காலையில் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

காரணம் உண்டு. ஆரம்பத்தில் கதாபாத்திரமே வராது, ஆசிரியர் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். மனிதர்கள் கதைகளை உருவாக்குவதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் கதைகள்தான் மனிதர்களைப் பிடித்துக்கொண்டு தம்மைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொள்கின்றன என்கிறார். இதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். மொத்த நாவலின் சண்டையும் இதற்காகத்தான். இந்த இரண்டு பக்கத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பின்னால் கிரானி ஏன் அவ்வளவு ஆத்திரப்படுகிறாள் என்று புரியும்.

அடுத்து டெசிடெராட்டா ஹாலோ என்ற கிழவி சாகிறாள். சூனியக்காரிகளுக்குத் தங்கள் சாவு முன்கூட்டியே தெரியும் என்பது இந்த உலகத்தின் விதி. அவள் பதறாமல் கணக்கு முடித்து, தன் மந்திரக்கோலை மேக்ரட்டுக்கு அனுப்பிவைக்கிறாள். கூடவே ஒரு சீட்டு: ஜெனுவாவுக்குப் போ, அந்தப் பெண் இளவரசனைக் கட்டாமல் பார்த்துக்கொள், மற்ற இரண்டு கிழவிகளையும் கூட்டிக்கொண்டு போகாதே. போகாதே என்று எழுதினால்தான் அந்த இருவரும் முதல் ஆளாக மூட்டை கட்டுவார்கள் என்பது செத்தவளுக்குத் தெரியும். இந்தச் சீட்டைப் படித்து உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் கவலையில்லை, மீதிப் புத்தகத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

மந்திரக்கோல் கிடைத்தும் மேக்ரட்டால் எதையும் பூசணிக்காயாக மட்டுமே மாற்ற முடிகிறது. சிண்ட்ரெல்லாவைப் பெரோ வடிவத்தில் படியுங்கள் என்றேனே, அதற்கு முதல் பலன் இங்கே.

5. மூவரையும் ஒருவரோடு ஒருவர் குழப்பாமல் இருக்க

கிரானி வெதர்வாக்ஸ்: விறைப்பானவள், பெருமைக்காரி, தான் தவறு செய்ததாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவள். மந்திரம் தெரியும், ஆனால் முடிந்தவரை தொடமாட்டாள். எதிராளியின் மண்டைக்குள் புகுந்து வேலையை முடிப்பதுதான் அவள் வழி. நகைச்சுவை உணர்வு சுத்தமாகக் கிடையாது. அவளைச் சுற்றித்தான் பெரும்பாலான நகைச்சுவையும் நடக்கிறது.

நேனி ஆக்: பிள்ளைகுட்டி, பேரப்பிள்ளைகள், சாராயம், கெட்ட பாட்டு. எல்லோருக்கும் பிடித்தமானவள். இவளுடைய ஒற்றைக்கண் பூனை கிரீபோ ஓர் அயோக்கியன். நேனிக்கு மட்டும் அது இன்னும் பூனைக்குட்டிதான்.

மேக்ரட் கார்லிக்: இளையவள், புத்தகம் படித்து மந்திரம் கற்றவள், எல்லோரும் நல்லவர்கள் என்று நம்புகிறவள். மற்ற இருவரும் இவளை ஏய்த்துக்கொண்டே இருப்பார்கள். இவளை லேசாக எடைபோட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வசனத்தில் 'என்றாள்' என்று பெயரோடு எல்லா வரியிலும் வராது. மூவரும் மாறிமாறிப் பேசும்போது யார் பேச்சு என்று குழம்பினால் தொனியை வைத்துக் கண்டுபிடியுங்கள்: அதட்டல் கிரானி, குறும்பு நேனி, தயக்கம் மேக்ரட்.

6. மொழியில் இடறும் இடங்கள்

எழுத்துப்பிழை என்று நினைத்து அச்சகத்தைத் திட்டாதீர்கள். நேனி ஆக் ஊருக்கு எழுதும் கடிதங்களில் பிழைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அவற்றை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். வெளியூரில் அவள் பேசும் 'வெளிநாட்டு மொழி'யும் அப்படியே. பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கலந்தடித்து விடுவாள். அகராதியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதில் கிடைக்காது.

முழுக்கப் பெரிய எழுத்தில், மேற்கோள்குறி இல்லாமல் யாராவது பேசினால் அது மரணதேவன். தனியாக அறிமுகம் எல்லாம் இருக்காது.

தெரியாத சொல் வந்தால் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டாம். ஒரு பத்தியில் மூன்றுக்கு மேல் போனால் மட்டும் நில்லுங்கள். குறிப்புகள் வேண்டும் என்பவர்களுக்கு 'அன்னோட்டேட்டட் பிராட்செட் ஃபைல்' என்ற பெயரில் வாசகர்கள் தொகுத்த விளக்கத் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எந்த வரி எந்தக் கதையைக் கிண்டலடிக்கிறது என்று பக்க எண்ணோடு சொல்வார்கள். அந்த எண்கள் பழைய பதிப்புக்கு உரியவை, உங்கள் பிரதியில் சில பக்கம் முன்பின் இருக்கும். படித்து முடித்த பகுதிக்கு மட்டும் பாருங்கள், முன்னால் ஓடினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். விக்கிப்பீடியாவின் கதைச்சுருக்கம் இதைவிட மோசம். எதிர்த்தரப்புத் தேவதைத்தாய் லிலித் யார் என்று போட்டு உடைத்துவிடும்.

7. பயணப் பகுதி: பெரும்பாலோர் புத்தகத்தை மூடும் இடம்

துடைப்பத்தில் ஏறி மூவரும் கிளம்பியதும் கதை நின்றுபோன மாதிரி இருக்கும். ஓர் ஊர், ஒரு வம்பு, அடுத்த ஊர். 'எப்போதுதான் ஜெனுவா வரும்?' என்று எரிச்சல் வரும். இங்கே வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நீங்கள் சேகரித்த கதைகளுக்கெல்லாம் வேலை இந்தப் பகுதியில்தான்.

வௌவாலாக வரும் ரத்தக்காட்டேரியைக் கிரீபோ கவனித்துக்கொள்ளும். தூங்கும் அழகியின் கோட்டை வரும். ஒரு பண்ணைவீடு வானத்திலிருந்து நேராக நேனியின் தலையில் விழும். நல்ல உறுதியான தொப்பி போட்டிருந்ததால் பிழைப்பாள். உடனே குள்ளர்கள் வந்து காலணியைப் பற்றி விசாரிப்பார்கள், ஏன் கேட்கிறோம் என்பது அவர்களுக்கே விளங்காது. ஆற்றுப்படகில் சீட்டாட்ட மோசடிக்காரர்களிடம் கிரானி உட்காரும் காட்சியை மட்டும் அரைத்தூக்கத்தில் படிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஓநாய்க் காட்சி. சிவப்புக் குல்லாக் கதைதான். கூடையோடு பாட்டி வீட்டுக்குப் போகும் சிறுமி, காட்டு வழி, எல்லாம் அப்படியே. ஆனால் ஓநாயைப் பாருங்கள். கதைக்கு வேண்டும் என்பதற்காக யாரோ அதை மனிதன்போல் நினைக்கவைத்திருக்கிறார்கள். ஓநாயாகவும் இருக்க முடியாமல், மனிதனாகவும் ஆக முடியாமல் அது பட்டினியில் அலைகிறது. கடைசியில் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறது. அதன் பிறகு கிரானி மரவெட்டிகளைப் பிடித்து உலுக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு வயதான பெண்பிள்ளை நடுக்காட்டில் தனியாகக் கிடக்கிறாள், இத்தனை ஆம்பிளைகள் இருந்துகொண்டு எட்டிப் பார்த்தீர்களா? மூலக் கதையை எத்தனை முறை கேட்டிருப்போம், அந்தப் பாட்டி ஏன் அங்கே தனியாக இருந்தாள் என்று நாம் ஒருவரும் கேட்டதில்லை.

இந்தக் காட்சியில் சிரிப்பு வரவில்லையே என்று தேடாதீர்கள். நாவல் கேலியிலிருந்து கோபத்துக்குத் திரும்பும் இடம் இது. இதுவரை வந்துவிட்டால் நீங்கள் புத்தகத்தை மூடப் போவதில்லை.

8. ஜெனுவாவுக்குள் நுழையும் முன் பத்து நிமிடம்

ஜெனுவா பார்ப்பதற்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மாதிரி: சுற்றிலும் சதுப்பு நிலம், முதலைகள், அருமையான சாப்பாடு. நடுவில் மட்டும் பொம்மைக் கோட்டை மாதிரி வெண்ணிறத்தில் ஒரு மாளிகை. நியூ ஆர்லியன்ஸ் பற்றித் தெரிய வேண்டியவை மூன்று.

மார்டி கிரா: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடக்கும் முகமூடித் திருவிழா. நாவலில் வரும் திருவிழாவும் விருந்தும் இதை வைத்துத்தான்.

வூடூ: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு கடல் கடந்து வந்து, ஹைட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் வேரூன்றிய வழிபாடு. அதில் லெக்பா என்பது நாற்சந்தியைக் காக்கும் தெய்வம், எர்சூலி காதலின் தெய்வம், பேரன் சமெடி செத்தவர்களின் தலைவன். நாவலில் சதுப்புநிலத்துச் சூனியக்காரி மிஸ்ஸிஸ் கோகோலின் முதற்பெயர் எர்சூலி, அவளுடைய சேவலின் பெயர் லெக்பா, அவளோடு இருக்கும் நடைபிணத்தின் பெயர் சாட்டர்டே (பிரெஞ்சில் 'சமெடி' என்றாலும் சனிக்கிழமைதான்). இது தெரியாமல் படித்தாலும் கதை புரியும். தெரிந்து படித்தால் அந்தச் சேவல் வரும்போதெல்லாம் ஒரு பயம் இருக்கும். கோகோலின் குடிசை வாத்துக்கால்களில் நடப்பது ரஷ்ய நாட்டுக்கதையின் பாபா யாகாவிலிருந்து வந்தது, அங்கே கோழிக்கால்.

கம்போ: வெண்டைக்காயும் இறாலும் போட்டுக் காய்ச்சும் குழம்பு. வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு நேனி சமையலறையில் உட்கார்ந்துவிடும் காட்சிகளில் பசிக்கும். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

ஜெனுவாவில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும், சட்டம். பொம்மை செய்கிறவன் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கவில்லையென்றால் சிறை. விடுதிக்காரன் குண்டாக, சிவந்த கன்னத்தோடு இருக்க வேண்டும். முதலில் வேடிக்கையாக இருக்கும், கொஞ்சம் போனதும் முதுகு சில்லிடும். கடைசி நாற்பது ஐம்பது பக்கத்தை முதல் பகுதி மாதிரியே ஒரே உட்காரலில் படிக்க நேரம் ஒதுக்குங்கள். பேருந்தில் படிக்க வேண்டாம், நிறுத்தம் தப்பும்.

9. முடித்த பிறகு

அடுத்தது 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்'. தொடக்கத்திலேயே ஆசிரியர் குறிப்பு ஒன்றில் முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுவார். அதனால்தான் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் படிக்கக் கூடாது. வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கேட்டால் இந்தக் கிளையை விட்டுவிட்டு 'த வீ ஃப்ரீ மென்' (2003) வாங்கிக் கொடுங்கள். சிறுவர்களுக்கென்றே எழுதியது, அத்தியாயங்களும் உண்டு. கதாநாயகி டிஃபனி ஏக்கிங்குக்கு ஒன்பது வயது. அவளை வைத்து மொத்தம் ஐந்து நாவல்கள், கடைசியானது பிராட்செட் 2015-இல் இறந்த பிறகு வந்தது.

பெரியவர்கள் தொடர்ந்து போவதானால் மீதி மூன்றுக்கும் முன்தயாரிப்பு இப்படி: 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' எடுக்கும் முன் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' கதைச்சுருக்கம். 'மாஸ்கரேட்'டுக்கு 'த ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா', இசை நாடகத்தின் கதை தெரிந்தாலே போதும். 'கார்ப்பே ஜுகுலம்' ரத்தக்காட்டேரிகள் பற்றியது, பூண்டும் சிலுவையும் எதற்கு என்று தெரிந்தவர்கள் நேராகவே தொடங்கலாம்.